ரெண்டு ஆர்ட்டினுக்கு மேலே

அம்மா,

கிராம்பு டப்பாவை இன்று திறந்தேன். சீட்டுக்கட்டு உள்ளேதான் இருக்கிறது. கிராம்பு தீர்ந்து எத்தனையோ வருஷமாகியும் வாசனை மட்டும் காலி செய்யமாட்டேன் என்கிறது. ஐப்பசி ஈரத்தில் சீட்டெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நீங்கள் செய்கிற மாதிரியே வெள்ளைத் துணியில் துளி கூவை மாவு தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஆர்ட்டின் ராணியின் மூலையில் மஞ்சளாக ஒரு விரல் ரேகை இருந்தது. குளித்துவிட்டு மஞ்சள் காயாத கையோடு ஆட உட்காராதீர்கள் என்று உங்கள் பிள்ளை எத்தனை தடவை சொல்லியிருப்பார். அந்தச் சீட்டை மட்டும் துடைக்காமல் கட்டோடு சேர்த்துவிட்டேன்.

தை மாசத்தில் நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து மேஜை மடக்கியே கிடக்கிறது. மூன்று பேரை வைத்துக்கொண்டு என்ன ஆட்டம் என்று மாமனாரும் உங்கள் பிள்ளையும் சும்மா இருந்துவிட்டார்கள். இன்று சாயங்காலம் உங்கள் நாற்காலிக்கு ஆள் வருகிறாள். சேப்பாக்கம் ஆபீஸில் உங்கள் பிள்ளையோடு வேலை பார்ப்பவரின் மனைவி. நன்றாக ஆடுவாளாம். ஆடட்டும். அவள் வருவதற்குள் உங்களிடம் ஒன்று கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மாம்பலத்துக்குக் குடிவந்த புதிதில் உங்களுக்கு இந்த வீடு பிடிக்கவேயில்லை. ஏரியைத் தூர்த்து மனை போட்ட இடம். மழை பெய்தால் தவளைகள் தங்கள் பழைய வீட்டைத் தேடி நம் வாசலுக்கு வந்துவிடும். மாமனாருக்குக் காற்றோட்டம், கிணற்றுத் தண்ணீர், தென்னங்கன்று என்று ஒரே பெருமை. உங்களுக்கோ மயிலாப்பூர் மாடவீதியில் மத்தியானம்தோறும் முந்நூற்றுநாலு சீட்டாடிய கோஷ்டி கைவிட்டுப் போயிற்று. இங்கே பக்கத்து மனையில் நெருஞ்சிமுள்தான் குடியிருந்தது. மத்தியானம் சமையல் கட்டைத் துடைத்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்பீர்கள். என்னிடம் பேசமாட்டீர்கள். நானும் பேசமாட்டேன். சண்டை ஒன்றும் இல்லை. மாமியாரிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அந்தக் கோடையில்தான் உங்கள் பிள்ளை கிளப்பிலிருந்து காண்டிராக்ட் பிரிட்ஜ் என்ற சீட்டாட்டத்தைக் கொண்டுவந்தார். வீட்டில் பழகிக்கொண்டு போய்க் கிளப்பில் ஜெயிக்க வேண்டுமாம். அப்பாவும் பிள்ளையும் ஒரு கட்சி, மாமியாரும் மருமகளும் எதிர்க்கட்சி என்று அவரே பிரித்தார். மாமனாருக்குச் சரிசமமாக நாற்காலியில் உட்காருவதாவது என்று நான் கதவோரம் நின்றேன். நீங்கள் மேஜைக்கு அடியிலிருந்து காலால் நாற்காலியை என் பக்கம் தள்ளினீர்கள். முகம் மட்டும் ஒன்றும் தெரியாததுபோல் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதல் நாள் உங்களுக்கு எல்லாமே விசித்திரம். முந்நூற்றுநாலில் ஜாக்கிதான் எல்லாரையும்விடப் பெரியவன், அவனுக்கு அடுத்தது ஒன்பது. இங்கேயோ ஜாக்கி ராஜா ராணிக்குக் கீழே கைகட்டி நிற்கிறான். "பாவம், இவனை ஏண்டா இப்படித் தள்ளிட்டா?" என்றீர்கள். அங்கே ஆட்டம் அப்பிரதட்சிணமாகச் சுற்றும், இங்கே பிரதட்சிணம். "இது சரி. கோவில்ல சுத்தற மாதிரி" என்று அதற்கு மட்டும் உடனே சம்மதித்தீர்கள். ஏலத்தில் ஜெயித்தவரின் பார்ட்னர் தன் சீட்டையெல்லாம் மேஜைமேல் விரித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும், அதற்கு டம்மி என்று பேர் என்றதும் உங்களுக்கு வெட்கமாகிவிட்டது. "எதிராளியும் பாக்கறானேடா, மானம் போறதே" என்றீர்கள். அரைமணி கழித்து நீங்களே மனசு மாறி, "பாத்தா பாக்கட்டும். எனக்கும் தெரியறதே, அது எவ்வளவு ஒத்தாசை" என்றீர்கள்.

ஆனால் உங்களைப் பிடித்து ஆட்டியது வேறொரு சட்டம். மாமனார் பழகியிருந்த பழைய பிரிட்ஜில் சொன்னதற்குமேல் ஜெயித்த சுற்றுக்கெல்லாம், அதாவது பிடிக்கெல்லாம், கணக்கில் இடம் உண்டு. காண்டிராக்டில் அப்படி இல்லை. எத்தனை பிடி எடுப்போம் என்று ஏலத்தில் முன்கூட்டியே சொன்னோமோ, ஆட்டத்தை ஜெயிக்க அதுதான் சேரும். மிச்சமெல்லாம் கோட்டுக்கு மேலே எழுதுகிற கொசுறு.

"கைல இருந்தும் சொல்லலைன்னா?" என்று கேட்டீர்கள்.

"இல்லாத மாதிரிதாம்மா" என்றார் உங்கள் பிள்ளை.

அதை அப்படியே விட்டிருக்கலாம். நீங்கள் விடவில்லை. வெண்டைக்காய் நறுக்கும்போது, அரிசி களையும்போது, திடீரென்று என் பக்கம் திரும்பி, "இருந்தும் சொல்லலைன்னா இல்லாத மாதிரியாமே" என்பீர்கள். அதில் உங்களுக்கு என்ன அவ்வளவு ஆச்சரியம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அதற்கப்புறம் மத்தியானங்கள் மாறிப்போயின. கூடத்துத் தரையில் நாலு கைச் சீட்டையும் திறந்து போட்டுக்கொண்டு நாம் இரண்டு பேரும் ஆராய்ச்சி செய்தோம். உங்கள் பிள்ளை கிளப்பிலிருந்து விதிகளாகக் கொண்டுவருவார். நீங்கள் ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்பீர்கள். துருப்பை முதலில் இழுத்துவிட வேண்டும் என்றால், ஏன்? டம்மியில் இருக்கிற துருப்பால் வெட்ட வேண்டிய சீட்டு நம் கையில் இருந்தால் அப்போதும் இழுக்கலாமா? ஆடிப் பார்ப்போம். கலைத்துவிட்டு மறுபடி ஆடுவோம். தோற்றால் உங்களுக்கு இன்னும் குஷி. "எங்கே போச்சு பாரு, எங்கே போச்சு பாரு" என்று போட்ட சீட்டையெல்லாம் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டுவீர்கள். பெரும்பாலும் தப்பு முதல் பிடியிலேயே நடந்திருக்கும். டம்மி விரிந்த அவசரத்தில் கைக்கு வந்ததைப் போட்டிருப்போம். அதனால் நீங்களே ஒரு சட்டம் போட்டீர்கள்: டம்மி விரிந்ததும் கை மடிக்குப் போய்விட வேண்டும். "முதல்ல எண்ணு. எது நம்மது, எது போயிடும்னு எண்ணு. அப்புறம் தொடு."

அந்த டைமன் ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? டம்மியில் ஏஸும் ராணியும், உங்கள் கையில் பொடிச் சீட்டுகள். ராஜா உங்கள் பிள்ளையிடம் இருந்தால் ராணி பிழைக்கும். டம்மிக்கு அடுத்து ஆடுகிற மாமனாரிடம் இருந்தால் ராணி போயிற்று. எல்லாரும் இங்கே சாமியைக் கும்பிட்டுக்கொண்டு ராணியைப் போட்டுப் பார்ப்பார்கள். நீங்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தீர்கள். பிறகு வேறொரு இனத்தில் ஒரு பிடியை மாமனாருக்கே விட்டுக்கொடுத்தீர்கள். அவர் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார். எடுத்த பிறகுதான் பார்த்தார், கையில் டைமனைத் தவிர வேறு எதுவும் இல்லை. அவரே டைமனை இறக்க வேண்டியதாயிற்று, டம்மி கடைசியில் ஆடி ராணியையும் காப்பாற்றிக்கொண்டது. "நாம ஏன் போய்த் தேடணும்? அவரே கொண்டுவரட்டும்" என்றீர்கள் என்னைப் பார்த்து. அன்றைக்குத்தான் நீங்கள் பல் தெரியச் சிரித்து நான் முதல்முதலாகப் பார்த்தேன்.

இந்தச் சமயமெல்லாம் எனக்குள் ஒரு ஆசை அரித்துக்கொண்டிருந்தது. பி.ஏ. முடித்துவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்தவள் நான். சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர வேண்டும், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தர வேண்டும். ஆனி பிறந்தால் சேர்க்கை முடிந்துவிடும், அதற்குமேல் வயதும் குழந்தையும் குறுக்கே வந்துவிடும் என்று பயம். உங்கள் பிள்ளையிடம் சொன்னேன். "அம்மா சரின்னா எனக்கு ஆட்சேபணை இல்லை. அப்பாகிட்ட நேராப் போகாதே, முடியாதுன்னுடுவார்" என்று சீட்டைக் கலைத்துக்கொண்டே சொன்னார். உங்களிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் போனால் காலைச் சமையல் முழுக்க உங்கள் தலையில் விழும். எந்த மாமியார் சரி என்பாள்?

அப்போதுதான் அந்த ரெண்டு ஆர்ட்டின் வந்தது.

நீங்கள்தான் ஏலத்தை ஆரம்பித்தீர்கள். ஒன்றில் தொடங்காமல் ரெண்டில் தொடங்கினால், "என் கை பிரமாதம், நீ நிறுத்தாதே, மேலே சொல்" என்று பார்ட்னருக்குச் சேதி. அதைத் தரையில் உட்கார்ந்து நாமே பத்து விதமாக அலசியிருக்கிறோம். என் கையில் மூன்று ஆர்ட்டினும், இஸ்பேட்டில் ராஜாவும் இருந்தன. உங்கள் பிள்ளை பாஸ் என்றார். நானும் பாஸ் என்றேன்.

முந்நூற்றுநாலில் பார்ட்னர் ஒன்று சொன்னபிறகு அதன்மேல் சும்மா ஏறக்கூடாது. சின்ன வயதிலிருந்து அப்படியே ஆடி வந்தவள் நான். போதாக்குறைக்குச் சொன்னது மாமியார். மூளைக்குச் சட்டம் தெரிந்திருந்தது. வாய்க்குத்தான் தெரியவில்லை.

ரெண்டு என்றால் ஆறுக்குமேல் ரெண்டு; எட்டுப் பிடி எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் பன்னிரண்டு எடுத்தீர்கள். மாமனாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தோத்தும் ஜெயிச்சோமே" என்று பிள்ளையின் முதுகில் தட்டினார். நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டீர்கள்.

"ஏண்டி, அந்த ராஜாவை வெச்சுண்டு ஏன் நிறுத்தினே?"

"நீங்க சொன்னப்புறம் நான் எப்படிம்மா மேல சொல்றது?"

நீங்கள் என்னையே பார்த்தீர்கள். பிறகு சீட்டைச் சேர்த்து அடுக்கிவிட்டு எழுந்து போய்விட்டீர்கள். அன்று அதற்குமேல் ஆட்டம் நடக்கவில்லை.

மறுநாள் காலை காபி டிகாக்ஷன் இறங்கிக்கொண்டிருந்தது, அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. நீங்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பால் வாங்கிய பாத்திரத்தைத் துடைத்தபடி கேட்டீர்கள்: "இன்னும் என்னெல்லாம் கைல வெச்சுண்டு சொல்லாம இருக்கே?"

சொன்னேன். சைதாப்பேட்டை, ஆனி மாசம், கணக்கு டீச்சர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். நீங்கள் திரும்பவில்லை. துடைத்த பாத்திரத்தையே மறுபடி துடைத்தீர்கள். "பால் பொங்கறது, பாரு" என்றீர்கள். அவ்வளவுதான் பதில். ஏன் சொன்னோம் என்று அன்று பகல் முழுக்க என்னையே நொந்துகொண்டேன்.

சாயங்காலம் மேஜையில் மாமனார் என்னைச் சீண்டுவதற்காக உங்களைக் கேட்டார். "உன் பார்ட்னருக்கு இன்னிக்காவது வாய் திறக்குமா?"

நீங்கள் சீட்டைக் கையில் அடுக்கிக்கொண்டே, "எப்படித் திறக்கும்? இந்தாத்துல நாலு சுவரோட பேசிண்டிருக்கா" என்றீர்கள்.

"அதுக்கு என்ன பண்றது?"

"எனக்கென்ன தெரியும்? நாலு எடம் போனவர் நீங்க."

மாமனார் தாடையைத் தடவினார். "நாலு பேர் முன்னாடி நின்னு பேசிப் பழகணும். வாத்தியார் உத்தியோகம் மாதிரி."

"பொம்மனாட்டிக்கு அதெல்லாம் யார் கத்துத்தரா?"

"ஏன், சைதாப்பேட்டையில கத்துத்தராளே. ரயில் ஏறினா அடுத்த ஸ்டேஷன்."

சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் விழித்தார். நீங்கள் தலை நிமிரவில்லை. "நீங்க சொன்னா சரி. யார் ஏலம் ஆரம்பிக்கறது?" என்றீர்கள். என் கைச்சீட்டில் ஒன்று கீழே விழுந்தது. உங்கள் பிள்ளை குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். அந்த டைமன் ஆட்டத்தில் ராணியைக் காப்பாற்ற ஒரு பிடியை விட்டுக்கொடுத்தீர்களே, இந்த ஆட்டத்தில் விட்டுக்கொடுத்தது எது என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. காலைச் சமையல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சமையல் உங்களுக்கு ஒரு பொருட்டா? நீங்கள் கொடுத்தது மத்தியானங்களை. தெரிந்துதான் கொடுத்தீர்களா? எண்ணாமல் முதல் சீட்டைத் தொடுகிறவரா நீங்கள்? பால் பாத்திரத்தை இரண்டு தடவை துடைத்தீர்களே, அப்போது எண்ணிக்கொண்டிருந்தீர்களோ என்று இப்போது சந்தேகம் வருகிறது. உங்கள் கையில் என்ன இருந்தது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா என்றும் தெரியவில்லை.

இப்போது மயிலாப்பூரில் பெண்களுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். கணக்கைப் பார்த்ததும் பென்சிலை எடுக்கிற பெண்ணிடம், கை மடியில் இருக்கட்டும், முதலில் எண்ணு என்கிறேன். விடை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்ணை நான் விடுவதில்லை. என்னைக் கண்டிப்பான டீச்சர் என்கிறார்கள். உங்களைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்?

சைதாப்பேட்டையில் சேர்ந்த முதல் நாள், சாயங்காலம் வீடு திரும்பியபோது நீங்கள் கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். நாலு கையும் திறந்து கிடந்தன. ஒரு பக்கம் ஆடிவிட்டு நகர்ந்து அடுத்த பக்கம் போய், நீங்களே நாலு பேராக ஆடிக்கொண்டிருந்தீர்கள். எவ்வளவு நேரமாகவோ தெரியாது. நான் புஸ்தகங்களோடு வாசற்படியில் நிற்பதைப் பார்த்தீர்கள். பயிற்சி எப்படி, யார் யார் வந்தார்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை.

"நாலு கையும் எனக்கே தெரியறது. இதுல என்ன இருக்கு?" என்றீர்கள். சீட்டுகளை வாரிச் சேர்த்துக்கொண்டே, "செத்த உட்காரேன்" என்றீர்கள்.

உங்களுக்கென்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அந்த ஒன்றைத்தான். கால்கூடக் கழுவாமல் புஸ்தகங்களைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். நாளைக்கும், மறுநாளைக்கும், தினமும் இந்த நேரத்துக்கு உட்காருவேன் என்றேன்.

அன்றைக்கு நான் பாஸ் சொல்லவில்லை, அம்மா.