ருசி தேடிப் போன வாரம்

மே 4, ஞாயிறு

கார் சர்வீஸிலிருந்து வந்துவிட்டது. நாளை கிளம்புகிறோம். கடலோரச் சாலையில் ஒரு வாரம். எங்கே நல்ல சாப்பாடு கிடைக்கிறதோ அங்கே நிறுத்தம். நாத்தனார் இப்போதே பெட்டி கட்டிவிட்டாள். அவள் அண்ணனுக்குத்தான் மனசில்லை. காய்ச்சல் விட்டு இரண்டு மாதமாகியும் இவருக்கு வாசனையும் ருசியும் திரும்பவில்லை. ஓட்டலில் தலைமைச் சமையல்காரர். வாசனை தெரியாமல் எப்படி அடுப்படியில் நிற்பது? முதலாளி தன்மையாகத்தான் லீவு கொடுத்தார். ஆனால் வேறு ஆள் பார்க்கிறார்கள் என்று காதில் விழுகிறது.

"ருசியே தெரியாதவனைக் கூட்டிக்கிட்டு ஓட்டல் ஓட்டலா ஏறணுமா?" என்றார்.

"வீட்ல உக்காந்து சுவரைப் பாக்கறதுக்கு அது மேல்" என்றேன்.

மே 5, திங்கள்

நான்தான் ஓட்டினேன். மதியம் துறைமுகத்துப் பக்கம் ஒரு மீன் ஓட்டல். நாத்தனார் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். நானும்தான் — ஏன் மறைக்க வேண்டும்?

"எப்படிங்க இருக்கு?"

"சூடா இருக்கு."

மே 6, செவ்வாய்

காலையில் ரொட்டிக் கடை: "மெத்துனு இருக்கு." இரவு மலையடிவார ஓட்டல்: "மொறுமொறுன்னு இருக்கு." நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவரும் சிரித்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மே 8, வியாழன்

எல்லோரும் மெச்சிய ஓட்டலைத் தேடிப் போனால் கதவில் பூட்டு. மழை வேறு. பெட்ரோல் பங்க் பக்கத்தில் ஒரு கடை. பசி உயிர் போகிறது, நுழைந்துவிட்டோம். வறுத்த உருளைக்கிழங்கு வந்தது. ஒரு துண்டை வாயில் போட்ட இவர் முகத்தைச் சுளித்தார்.

"இந்த எண்ணெயை எத்தனை நாளா காய்ச்சறாங்க? சிக்கு நாத்தம் அடிக்குது."

நாத்தனார் எடுத்த துண்டு கையிலேயே நின்றது. "அண்ணா, இப்ப என்ன சொன்ன?"

அப்புறம்தான் அவருக்கே உறைத்தது. இன்னொரு துண்டு. இன்னொன்று. திட்டிக்கொண்டே தட்டைக் காலி செய்தார். பரிமாறியவர் பயந்துபோய், "வேற ஏதாவது கொண்டு வரட்டுமா சார்?" என்றார்.

"இதையே இன்னொரு தட்டு கொண்டாங்க."

நான் அழுகிறேன், நாத்தனார் சிரிக்கிறாள். அந்த மனுஷர் என்ன நினைத்தாரோ, பாவம்.

மே 9, வெள்ளி

எலுமிச்சை தெரிகிறதாம். மிளகு லேசாக. வெண்ணெய் இன்னும் வரவில்லை. நேற்றுப் பூட்டியிருந்த ஓட்டல் இன்று திறந்திருந்தது. சூப்பில் பூண்டு கருகிவிட்டது என்றார். எங்களுக்கு அமிர்தமாக இருந்தது.

"அண்ணி, இனிமே அண்ணனோட நிம்மதியா சாப்பிட்ட மாதிரிதான்" என்றாள் நாத்தனார்.

மே 19, திங்கள்

மாலை வேலையிலிருந்து வந்தார். வாசலிலேயே சட்டையை முகர்ந்து பார்த்து, "என் மேல ஒரே வெங்காய வாடை" என்று சொல்லிக்கொண்டே குளிக்கப் போனார்.