ஒரே மாதிரி இரண்டு பாட்டில்

ஜூன் 3, புதன்
காலையில் சாரல். பட்டறையில் மதியம் வரை கரண்ட் இல்லை. எனக்கும் அண்ணனுக்கும் ஆஸ்பத்திரியில் புது மாத்திரை, ஆளுக்கொரு பாட்டில். கொலஸ்ட்ராலுக்கு. ஈரல் கொழுப்பு செய்கிற இடத்திலேயே போய்த் தடுக்குமாம். சோதனை மருந்து. பாதிப் பேருக்கு நிஜம், பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். நம்புகிற மாதிரியா இருக்கிறது?

அப்பா ஐம்பது வயதில் மாரடைப்பு வந்து லேத் முன்னாலேயே சாய்ந்தார். எனக்கு நாற்பத்தொன்பது. பயமாக இருக்கிறது.

ஜூன் 8, திங்கள்
இரண்டு பேர் மாத்திரையையும் மைக்ரோமீட்டரில் அளந்தேன். மயிரிழை வித்தியாசமில்லை. கடித்தும் பார்த்தாயிற்று. இரண்டும் கசப்பு. கைகாரர்கள்.

ஜூன் 12, வெள்ளி
அண்ணனுக்குத் தொடை வலி. நிஜ மருந்தென்றால் சிலருக்குச் சதை வலிக்கும் என்று டாக்டர் சொன்னாரே. எனக்கு ஒரு வலியும் இல்லை. ஆக, மாவு எனக்கு.

வீட்டில் சொன்னால், "ஏனுங்க, நாள் பூரா நின்னுட்டே வேல செஞ்சா தொட வலிக்காதுங்களா?" என்கிறாள். இவளும் ஆஸ்பத்திரிக் கட்சி.

ஜூன் 13, சனி
கட்டிங் ஆயில் வாங்க மறந்தேன்.
அண்ணன் டீக்குப் போன நேரம், பட்டறையில் அவர் பாட்டில் இருந்த இடத்தில் என்னுடையதை மாற்றி வைத்துவிட்டேன். லேபிளில் கடைசி நம்பர் மட்டும்தான் வேறு. கண்ணாடி இல்லாமல் அண்ணனுக்கு எதுவும் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் திருப்பி வைத்தால் போதும்.

ஜூன் 18, வியாழன்
நல்ல காற்று. எனக்கு இடது தொடையில் லேசாக வலி. சந்தோஷம்.
அண்ணன் தன் பாட்டிலைத் துணியால் துடைத்து வைத்தார். எப்போதிருந்து இந்தச் சுத்தம்?

ஜூன் 25, வியாழன்
அடுத்த வாரம் வரச் சொன்னவர்கள் இன்றே கூப்பிட்டுவிட்டார்கள். அண்ணன் இரண்டு பாட்டிலையும் தன் பையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். மாற்ற வழியில்லை.

நர்ஸ் அவரவர் பாட்டிலைக் கேட்டாள். நம்பர் பார்த்தாள். டாக்டர் வந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நாந்தானுங்க மாத்தி எடுத்துப்போட்டேன். கண்ணாடி போடலீங்க," என்றார் அண்ணன்.

இரண்டு பேரையும் சோதனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறு மாத்திரை எழுதித் தருவார்களாம்.

திரும்பும்போது பஸ்ஸில், எப்போது தெரிந்தது என்று கேட்டேன்.

"அன்னிக்கேதான். மூடியில உன்ற வெரலு கிரீஸு."

பன்னிரண்டு நாள். நான் மாவு என்று தள்ளிவிட்டதைத் தெரிந்தே முழுங்கியிருக்கிறார். கணபதி ஸ்டாப்பில் இறங்கும்போது கம்பியைப் பிடித்து மெதுவாகக் கால் வைத்தார். தொடை இன்னும் வலிக்கிறது போல; பையை நான் வாங்கிக்கொண்டேன்.