உப்பளத்து மேஸ்திரியின் குரல்

ஒரு வார்த்தை திட்டாமலே போய்விட்ட என் அப்பாவுக்கு,

நேற்று நம் கோயில் திருவிழா முடிந்தது. அம்மா நன்றாக இருக்கிறாள். முட்டி வலி மட்டும் அப்படியே இருக்கிறது. டாக்டரிடம் போகலாம் என்றால் சண்டைக்கு வருகிறாள். உன் கல்லறைச் சிலுவைக்குப் புதிதாக வெள்ளை அடித்தாயிற்று. இந்த உப்புக்காற்றில் அது எத்தனை நாள் தாங்கும் என்று உனக்கே தெரியும். தேர் மட்டும் இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள் அப்பா. நான் வாயைத் திறந்தாலே சிரிக்க வேண்டும் என்று ஊரைப் பழக்கிவிட்டேன்.

உன்னைத் தெரியாதவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காக ஒன்று. நீ மரக்காணம் உப்பளத்தில் பதினெட்டு வருஷம் மேஸ்திரி. வாரிக் குவித்த உப்பு அம்பாரம் அம்பாரமாக வெட்டவெளியில் நிற்கும். கோடை மழை திடீரென்று வந்தால் ஓடிப்போய்க் கீற்று போட்டு மூட வேண்டும், இல்லாவிட்டால் அத்தனை பேர் உழைப்பும் தண்ணீராகிப் போகும். மழை வருவதை முதலில் கண்டுபிடித்து ஆட்களைக் கூப்பிடுவது உன் வேலை. நீ வரப்பில் நின்று இடது கையைக் காதோரம் குவிப்பாய். இரண்டு முறை தொண்டையைச் செருமுவாய். பிறகு, "ஏய், மேற்க பாரு! கீத்த எடு, கீத்த எடு!" அது கரகரவென்று ஆரம்பித்து, "ஓடியாங்கம்மா" என்று முடியும்போது கிழிந்து, கீச்சென்று ஒரு சின்னப் பையன் குரலாகிவிடும்.

அந்தக் கீச்சுதான் என் சொத்து.

எனக்கு இருபது வயதில், இதே திருவிழா மேடையில் முதல்முதலாக அதைப் போட்டேன். பஸ் கண்டக்டர், குடிகாரர், அரசியல்வாதி என்று ஏழெட்டுக் குரல் போட்டும் ஓரளவுதான் சிரிப்பு. கடைசியில் காதில் கையை வைத்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பிவிட்டது. முன்வரிசையில் நீயும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாய். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாய்:

"டேய், நெசமாவே நான் அப்படியா கத்தறேன்?"

"இன்னும் மோசமா கத்தற."

"நல்லா கத்துக்கினு வந்த போ" என்றாய். உனக்குக் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

அப்புறம் எனக்குத் தலைகால் புரியவில்லை. அளத்துப் பக்கம் போனால் அம்பாரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உன்னைப்போல் கூவுவேன். கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும் பெண்கள் தூக்குச்சட்டியைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது. உன் ஆட்களில் மூத்தவளான ரோசம்மாக்கா மண்ணாங்கட்டியை எடுத்து என்மேல் எறிவாள், எறிந்துவிட்டு அவளும் சிரிப்பாள். மூன்று முறையோ நான்கு முறையோ செய்திருப்பேன். எண்ணி வைக்கவில்லை. எண்ணியிருக்க வேண்டும்.

அந்த மே மாத மத்தியானம் நான் ஊரிலேயே இல்லை. பாண்டிச்சேரியில் ஒரு கல்யாண வீட்டில் கச்சேரி என்று போயிருந்தேன். நீ வடக்கு வரப்பில் நின்று உண்மையாகக் கூப்பிட்டாய். கொட்டகையில் இருந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. "மேஸ்திரி புள்ள வேலையக் காட்டறான்" என்று ரோசம்மாக்காதான் சொன்னாளாம். நீ திரும்பத் திரும்பக் கூப்பிட்டாயாம். அவர்கள் திரும்பத் திரும்பச் சிரித்தார்களாம். முதல் துளி விழுந்த பிறகுதான் ஓடியிருக்கிறார்கள். எட்டு அம்பாரத்தில் மூன்றைத்தான் மூட முடிந்தது.

முதலாளி உன்னை மேஸ்திரி வேலையிலிருந்து எடுத்துவிட்டார். தன் பேச்சை ஆட்கள் கேட்காத மேஸ்திரி எதற்கு என்று கேட்டாராம். அவர் கேட்டதிலும் தப்பில்லை. ஐம்பது வயதுக்கு மேல் நீ கூடை சுமக்கப் போனாய், உன்னிடம் வேலை பழகியவன் கீழேயே.

நீ என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஏன் அப்பா கேட்கவில்லை? ஒரு அறை விட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், மன்னிப்புக் கேட்டிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். நீ சத்தம் போட்டுப் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டாய். கொல்லையில் இருக்கும் அம்மாவைக் கூப்பிடக்கூடக் கதவைத் தட்டுவாய். அந்த வீட்டில் இருக்க முடியாமல்தான் நான் சென்னைக்குப் பஸ் ஏறினேன். கலையை வளர்க்கப் போனேன் என்று பத்திரிகைக்காரர் ஒருவரிடம் சொன்னது பொய்.

சென்னையில் ஒரு நகைச்சுவைக் குழுவில் சேர்ந்தேன். உன் குரலைத் தொடக்கூடாது என்றுதான் முடிவு செய்திருந்தேன், நம்பினால் நம்பு. இரண்டு வருஷம் தலைவர்கள் குரலை வைத்தே ஓட்டினேன். பிறகு எமர்ஜென்சி வந்தது. எங்கள் குழுத்தலைவர் பயந்த மனிதர். "தலைவருங்க குரல் ஒண்ணும் வேணாம்பா. யாருக்கும் வம்பில்லாத ஆளு எவனாச்சும் கெடச்சா போடு" என்றார். யாருக்கும் வம்பில்லாத ஆள். எனக்கு உன்னைத் தவிர வேறு யாரைத் தெரியும்?

உப்பளத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட விழுந்து விழுந்து சிரித்தார்கள். சபா, கண்காட்சி, கல்யாண வரவேற்பு, எங்கே போனாலும் அதுதான் கேட்டார்கள். எமர்ஜென்சி முடிந்து எல்லாரும் பழைய குரல்களுக்குத் திரும்பினார்கள். என்னை விடவில்லை. புதிதாக எதை ஆரம்பித்தாலும் பின்வரிசையிலிருந்து ஒருத்தன், "மேஸ்திரிய வுடுப்பா" என்பான். நோட்டீசில் என் பெயரை 'மேஸ்திரி அந்தோணி' என்று அச்சடித்தார்கள். நான் தடுக்கவில்லை. அந்த நோட்டீஸ் மரக்காணம் பஸ் ஸ்டாண்டு சுவரிலும் ஒட்டப்பட்டிருந்தது. கூடை சுமந்துவிட்டு அந்த வழியாகத்தான் நீ வீட்டுக்குப் போவாய்.

வீட்டில் குழந்தையை அதட்டினால்கூட அந்தக் குரல்தான் வருகிறது. "உங்க குரல்ல பேசுங்களேன்" என்கிறாள் உன் மருமகள் ஸ்டெல்லா. அது எது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

போன வருஷம் உன் முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகுதான் அம்மா ஒரு விஷயம் சொன்னாள். நீ ஒருமுறை பாண்டிச்சேரிக்கு என் நிகழ்ச்சி பார்க்க வந்தாயாமே? நீயும் அவளும் டிக்கெட் எடுத்துப் பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு, என்னிடம் சொல்லாமலே திரும்பிவிட்டீர்களாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஒன்றே ஒன்றுதான் சொன்னாயாம்.

"காதுல கைய வெக்கறான். எதுக்கு வெக்கறோம்னு அவனுக்குத் தெரியல. நான் காத்த கேக்கறதுக்கு வெச்சேன். மழைக்கு முன்னால காத்து ஒரு நொடி நின்னு பூடும்."

நான் ஆயிரம் முறை காதில் கை வைத்திருக்கிறேன். கைதட்டலைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை.

சரி, நேற்றைக்கு வருகிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு என் நிகழ்ச்சி. மேஸ்திரி கிடையாது என்று கமிட்டிக்காரர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். திண்டிவனம் பஸ்ஸில் கோழிக்கூடையோடு ஏறும் ஆளை வைத்துப் புதிதாக ஒன்று தயார் செய்திருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் "மேஸ்திரி, மேஸ்திரி" என்று ஆரம்பித்துவிட்டார்கள். சிறுபிள்ளைகள் தாளம் போட்டார்கள். மேடை ஓரத்தில் நின்ற குழுத்தலைவர் கையால் ஜாடை காட்டினார், போட்டுத் தொலை என்று.

நான் உறுதியாக நின்றேன் என்று உன்னிடம் கதை விட மாட்டேன். எனக்கு எரிச்சல் வந்தது, அழுகை வந்தது, கடைசியில் வழக்கம்போல் கை தானாகக் காதுக்குப் போனது. கூட்டம் கப்பென்று அடங்கியது.

அப்போது காற்று நின்றது.

காலையிலிருந்து படபடத்துக்கொண்டிருந்த தோரணக் காகிதங்கள் எல்லாம் அப்படியே தொங்கின. மேற்கே பார்த்தேன். அளத்துக்கு மேலே கருமேகம், நீ சொல்லும் அந்தக் கருங்கரை, கட்டியிருந்தது. திருவிழா விடுமுறை, அளத்தில் ஓர் ஆள் இல்லை. மறுநாள் லாரி வருகிறது என்று அம்பாரங்களை மூடாமல் விட்டிருந்தார்கள்.

மைக்கில் கத்தினேன். "ஏய், மேற்க பாரு! கீத்த எடு, கீத்த எடு!"

என் வாழ்க்கையில் அப்படி ஒரு சிரிப்பை வாங்கியதில்லை அப்பா. நாற்காலி கவிழ்ந்தது. விசில் பறந்தது. "நெசமா சொல்றேன், மழ வருது" என்றேன். இன்னும் சிரித்தார்கள். மேஸ்திரி குரலை விட்டுவிட்டு என் குரலில், கும்பிட்டு, "அய்யா, இது நடிப்பு இல்ல" என்றேன். குழுத்தலைவரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் எதைச் செய்தாலும் சிரிப்பு. எந்தப் பக்கமும் வழி இல்லை. ஐந்நூறு பேர் என்னையே பார்த்தார்கள், ஒருவர்கூட வானத்தைப் பார்க்கவில்லை.

அந்த மத்தியானம் வடக்கு வரப்பில் உனக்கு இப்படித்தான் இருந்ததா?

"ஓடியாங்கம்மா" என்றேன். கடைசியில் குரல் கிழிந்தது. சத்தியமாக அந்தக் கீச்சை நான் போடவில்லை. அது தானாக வந்தது. இத்தனை வருஷம் நான் சிரிப்புக்கு விற்றது உன் பயத்தை என்று அப்போதுதான் தெரிந்தது.

பெண்கள் பக்கத்தில் ரோசம்மாக்கா எழுந்தாள். சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், அளத்துப் பக்கம் ஓட ஆரம்பித்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி, இன்னும் நாலு பேர். நான் மேடையிலிருந்து குதித்தேன், ஜிகினாச் சட்டையோடு. அம்மா முட்டி வலியோடு பின்னால் வந்தாள்.

ஏழு அம்பாரத்தில் ஆறை மூடிவிட்டோம். ஏழாவதற்குக் கீற்றைத் தூக்கும்போது மழை அடித்து ஊற்றியது. மற்றவர்களும் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டார்கள், யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கொட்டகையில் ஒதுங்கி நின்றபோது ரோசம்மாக்காவைக் கேட்டேன், எப்படித் தெரிந்தது என்று.

"நீ எப்பவும் அத மூக்கால கத்துவ. இன்னிக்கி அது வயித்துலேர்ந்து வந்துச்சு" என்றாள். கொஞ்சம் கழித்து, "உங்கப்பன் அன்னிக்கிக் கூப்ட்டதும் வயித்துலேர்ந்துதான். எனக்குத்தான் அன்னிக்கிப் புரியல" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் உனக்கு ஒரே தப்பைத்தான் செய்திருக்கிறோம்.

நாளைக் காலை பஸ்ஸில் சென்னைக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு கண்காட்சியில் நிகழ்ச்சி. நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. நேற்று நடந்ததையே ஒரு அயிட்டமாகப் போடலாம், கூட்டம் அள்ளும் என்கிறார் குழுத்தலைவர். அவரை என்ன செய்வது சொல்.

மேஸ்திரி அயிட்டத்தையே விட்டுவிடுகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க ஆசைதான். முடியாது அப்பா. எனக்கு வேறு தொழில் தெரியாது, வேறு குரலைக் கேட்க ஆளும் இல்லை. நீ கூடைக்குக் கீழே நின்றதுபோல் நான் இதற்குக் கீழே நிற்கிறேன். ஆனால் என்னால் முடிந்த மூன்றைச் சொல்கிறேன். அந்தக் கடைசிக் கீச்சை இனி எந்த மேடையிலும் போட மாட்டேன். சிரிப்பு குறைந்தால் குறையட்டும். நோட்டீசில் வெறும் அந்தோணி என்றுதான் போட வேண்டும் என்று கேட்பேன். நம் ஊரில், இந்த அளத்துக்குக் கேட்கிற தூரத்தில், உன் குரலை மழைக்குத் தவிர வேறெதற்கும் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
மேஸ்திரி சவரிமுத்துவின் மகன்
அந்தோணி