நான்கு ஹார்ட்டினும் ஒரு லாரியும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே மூட்டு வலியைத் தவிர வேறு குறை இல்லை. நீ நலம் என்று எழுதியிருக்கிறாய். நம்பப் பார்க்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பாப்பாவுக்குப் பல் விழுந்ததைப் பற்றி ஒரு வரி. டயர் கடைப் பின்னறையில் சனிக்கிழமை மதியம் நீ ஆடும் போக்கரைப் பற்றி இரண்டு பக்கம். கூட ஆடும் டயர் கடைக்காரரும் மருந்துக் கடைக்காரரும் “ஒண்ணும் தெரியாத அப்பாவிங்க, எவ்வளவு கட்டினாலும் பேசாம ஈடு கட்டுவாங்க, ஒரு தடவைகூட பந்தயத்தை ஏத்த மாட்டாங்க” என்று பீற்றிக்கொண்டிருக்கிறாய்.

ஒன்பது வருஷம் கிளப்பில் சீட்டுக் கலைத்துப் போட்டவள் நான். என்னிடமேவா? ஒரே இனத்தில் ஐந்து சீட்டு சேர்ந்தால்தான் ஃப்ளஷ். நான்கு ஹார்ட்டினோடு கடைசிச் சீட்டுக்குக் காத்திருந்தால், ஐந்து தடவையில் ஒரு தடவை வரும். அந்த அரைகுறைக் கையோடு நீ இருப்பதையெல்லாம் மேசை நடுவில் தள்ளுகிறாய், அவர்கள் பயந்து சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகுவார்கள் என்று. அவர்கள்தான் கவிழ்ப்பதே இல்லையே, மடையா! அப்படிப்பட்டவர்களிடம் வாயை மூடிக்கொண்டு, குறைந்த காசில் அடுத்த சீட்டைப் பார்க்க வேண்டும். ஐந்தாவது வந்த பிறகு கட்டு. அப்போதும் ஈடு கட்டத்தான் போகிறார்கள்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. போன வாரம் மருந்துக் கடைக்காரர் முதல் தடவையாக ஏற்றினாராம். “தூங்கினவர் முழிச்சிட்டார்” என்று சிரித்துக்கொண்டே நீ எல்லாவற்றையும் தள்ளினாயாம், தோற்றாயாம். மூன்று மாதம் ஏற்றாதவர் ஏற்றினால், அவர் கையில் சீட்டு ஏற்கெனவே சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு அவர், “அவசரமில்ல, அடுத்த வாரம் லாரிப் பத்திரத்தைக் கொண்டாங்க, ஆடிப் பார்க்கலாம்” என்றாராம். இதைப் பெரிய மனசு என்று எழுதியிருக்கிறாய். உனக்குச் சோறு போடும் அந்த லாரி எந்த வருஷத்தது என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்கிறது. நீ சொல்லவில்லை என்கிறாய்.

உன்னிடம் இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன். உன் அத்தான் எங்கள் வீட்டை வைத்து ஆடிய ஆட்டத்துக்குச் சீட்டுப் போட்டவள் நான்தான். எதிரில் இருந்தவர் யாரையும் நிமிர்ந்துகூடப் பார்க்காத மனிதர். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஏற்றினார். அத்தான் என்னைப் பார்த்தார். சீட்டுப் போடுகிறவள் வாய் திறக்கக் கூடாது என்பது கிளப் விதி. நான் திறக்கவில்லை. அத்தான் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுத் தன் சீட்டைத் திறந்து வைத்தார், நான்கு டைமண்ட். கடைசிச் சீட்டை நான் திருப்பினேன். கிளாவர். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். ரயில் விபத்து என்று உங்கள் எல்லாரிடமும் சொன்னேன். விபத்து இல்லை தம்பி. அன்றைக்கு மூடியிருந்த இந்த வாயை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பிவிடு. பாப்பாவையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு இங்கே வா. தோற்றது போகட்டும், ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். கோபித்துக்கொண்டு வந்தாலும் சரி, வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்தாலும் சரி, உன் லாரியை நீயே ஓட்டி வந்து என் வாசலில் நிறுத்து.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

உன் அக்கா