அடுத்த வெர்ஷனில் வரும்

இன்று காலை ஆபீசில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு மெயிலைத் திறந்தேன். பிரேசிலிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். சின்ன வயதில் பாதியில் விட்ட ஒரு வீடியோ கேமை இப்போது கம்ப்யூட்டரில் கடைசி வரை ஆடி முடித்தாராம். "உங்களால்தான் முடிந்தது, நன்றி" என்று என் பெயரைப் போட்டு எழுதியிருந்தார். காபி ஆறிப்போனது. உனக்கு வரவேண்டிய நன்றியை ஆறு வருஷமாக நான் வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். அது உனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

அந்த கேம் இருந்த கையடக்கக் கருவி உன் கைக்கு வந்தபோது நாம் இருவரும் திருப்பதியில் ஒரே அறையில் இருந்தோம். வேலையும் ஸ்ரீசிட்டியில் ஒரே கம்பெனியில்தான். நீ சர்க்யூட் போர்டு சோதிக்கும் லைனில், நான் ஏசி போட்ட கம்ப்யூட்டர் பிரிவில். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து செல்போன் ரிப்பேர் கடையில், சாமி பார்க்க வந்த யாரோ கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்காமல் போனது அது. உள்ளங்கை அளவு, கறுப்பு வெள்ளைத் திரை, மேலே ஜப்பான் எழுத்து. "இதி பனிசெய்யது சாமி, ஊரிக்கே தீஸ்கோ" என்று, வேலை செய்யாததற்குக் காசு எதற்கு என்பதுபோல், கடைக்காரர் சும்மாவே கொடுத்துவிட்டார். ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து நீ அதை ஓட வைத்தாய். உள்ளே ஒரே ஒரு கேம் இருந்தது.

அந்தக் கருவியைத் தெரிந்தவர்கள் என்று இன்டர்நெட்டில் தேடினால் பத்துப் பேர்கூடத் தேறவில்லை. அதன் கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட வைக்கும் எமுலேட்டர் ஒன்றை அந்தச் சிலர் இலவசமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். நம்மிடம் இருந்த கேமைப் பிரதி எடுத்துப் போட்டால், அது மட்டும் அதில் முதல் கதவோடு உறைந்து நின்றது. பிரதி எடுத்ததில் கோளாறு என்று அவர்கள் கைகழுவிவிட்டார்கள். நானும் அதையே சொன்னேன். நீதான் ஒத்துக்கொள்ளவில்லை. "கேம் மேல தப்பு இல்லடா. இங்க நல்லாத்தான ஓடிக்கினு கீது" என்று கருவியை என் மூக்குக்கு நேரே நீட்டினாய்.

லைனில் நல்ல போர்டையும் கெட்ட போர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உன் வழக்கம். அதையே இங்கும் செய்தாய். கருவியையும் என் லேப்டாப்பையும் அருகருகே வைத்து, செல்போனில் ஸ்லோ மோஷனில் படம் பிடித்து, படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எண்ணினாய். ஐந்து ஞாயிறுகள் இப்படியே போயின. நான் பெரும்பாலும் தூங்கினேன். ஆறாவது ஞாயிறு மத்தியானம் என்னை உலுக்கி எழுப்பினாய். "கதவு தொறக்கறதுக்கு முன்ன நெஜ மெஷின்ல மூணு வாட்டி மினுக்குது. உன் கம்ப்யூட்டர்ல நாலு வாட்டி மினுக்குது. உள்ள இருக்கற கடிகாரம் லேட்டா அடிக்குதுடா. நீயே எண்ணிப் பாரு." எண்ணினேன், சரியாக இருந்தது. எமுலேட்டரில் அந்தக் கடிகாரத்தைத் திருத்த இரண்டே வரிதான் எழுத வேண்டியிருந்தது. அதற்கு எனக்குக் கால் மணி நேரம் ஆனது. இதுதான் என் பங்கு.

திருத்தத்தை அனுப்ப ஆங்கிலத்தில் விளக்கம் எழுத வேண்டும். நீ தெலுங்கு மீடியத்தில் படித்து ஐடிஐ முடித்தவன். அக்கவுன்ட் என்னுடையது, அதனால் என் பெயரில் போனது. அவர்களும் எமுலேட்டருக்கு உதவியவர்கள் பட்டியலில் என் பெயரையே சேர்த்தார்கள். "இதுல என் பேரு எங்கடா வரும்?" என்று திரையைத் தொட்டுக் கேட்டாய். "அடுத்த வெர்ஷன்ல வரும்டா" என்றேன். அன்றைக்கு அது பொய் இல்லை, வெறும் சோம்பல். அடுத்த வெர்ஷன் வந்ததும் "வந்துச்சா?" என்றாய். அடுத்ததில் என்றேன். அதுவும் வந்தது, நீயும் கேட்டாய். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. அப்பாடா என்று நானும் இருந்துவிட்டேன்.

உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு. சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம் அல்லவா? பஸ் சீட்டில் போட்ட கர்ச்சீப்பை எடுத்துவிட்டான் என்று ஒருத்தனோடு புத்தூர் வரை சண்டை போட்டுக்கொண்டு வந்தவன் நீ. என்னிடம் மட்டும் என்ன பெரிய மனுஷத்தனம்?

பெங்களூரில் இன்டர்வியூ செய்தவர் என் பெயர் இருந்த அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றார். பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன் என்றேன். படம் பிடித்தேன் என்றேன். எண்ணினேன் என்றேன். வேலை கிடைத்தது. பெங்களூருக்குக் கிளம்பிய அன்று நீதான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் வரை வந்தாய்.

பிறகு ஒரு நாள் போன் வந்தது. நாலே நாள் காய்ச்சலாம். குடிபாலாவில் உன் வீட்டுக்கு நான் வந்து சேர்ந்தபோது உன்னை எடுத்துவிட்டிருந்தார்கள். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்: "இவன்தான் அவன். கம்ப்யூட்டர்ல யாராலயும் ஆவாதத கண்டுபுடிச்சவன். எம்புள்ள வாயத் தொறந்தா இவன் பேச்சுதான்." நீ உன் வீட்டில்கூட உண்மையைச் சொல்லவில்லை. "இல்லம்மா..." என்று ஆரம்பித்தேன். "எதுனா துன்னியா நைனா?" என்றார். இல்லை என்றேன். இலை போட்டார்கள், உட்கார்ந்து சாப்பிட்டேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது.

இன்று அந்த மெயிலைப் படித்த பிறகு, எமுலேட்டரைக் கவனித்துக்கொள்பவருக்கு நடந்ததை நாலு வரியில் எழுதினேன். திட்டுவார், ஆதாரம் கேட்பார் என்று நினைத்தேன். பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. சொன்னதற்கு நன்றி, மாற்றிவிட்டேன் என்றார். போய்ப் பார்த்தேன். என் பெயர் இருந்த இடத்தில் உன் பெயர், இனிஷியலோடு. பத்து நிமிட வேலை. திருத்தம் என் பெயரில் போன பிறகு நீ உயிரோடு இருந்த நாலு வருஷத்தில் அந்தப் பத்து நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. உன்னிடமாவது மறைக்காமல் சொல்கிறேன். இதைக் கண்டுபிடித்தவன் நான் என்று என் பயோடேட்டாவில் ஒரு வரி உண்டு. அடுத்த மாதம் வேறொரு கம்பெனியில் இன்டர்வியூ. மத்தியானம் அந்த வரியை அழித்துவிட்டு, மீதியை மேலிருந்து கீழே வரை படித்துப் பார்த்தேன். பிறகு அந்த வரியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன்.