கருவாட்டு வாசம் ஆகாத வீடு

என் அன்பு அத்தைக்கு,

ஒருவழியாக உங்கள் மகன் புதுக்கோட்டை டவுனுக்குள் வீடு வாங்கிவிட்டார். பால் காய்ச்சிக் குடியேறியும் ஆயிற்று. சந்தோஷமான சேதி என்றுதான் சொந்தமெல்லாம் சொல்கிறது. எனக்கோ வாசற்படியை மிதிக்கும்போதெல்லாம் அருவருப்பாக வருகிறது.

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் இதே காசுக்குக் கிணறும் தோட்டமுமாக வாங்கியிருக்கலாம். ஆனால் இவருக்கு ஆபீஸ் பக்கம், பிள்ளைக்கு ஸ்கூல் பக்கம், நல்ல ஏரியா. அதற்காகப் பகலிலேயே லைட் போட வேண்டிய அடுப்படிக்கும் உப்புத் தண்ணீருக்கும் தலையாட்டினேன். உங்கள் பீரோ உள்ளே நுழையவில்லை என்று என் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம்.

வீட்டை விற்றவர் அடுத்த வீட்டிலேயே குடியிருப்பவர். எல்லாம் பேசி முடித்தபிறகு, காபி கொடுத்துக்கொண்டே மெல்ல ஆரம்பித்தார். இந்தத் தெருவில் யாரும் கறி, மீன் புழங்குவதில்லை, அப்படிப்பட்டவர்களுக்குத்தான் வீட்டைக் கொடுப்பதாக இருக்கிறோம் என்றார். உங்கள் மகன் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"நாங்க சைவந்தாங்க. முட்டைகூட வாங்குறதில்ல."

நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் சோறு பிசைந்து நீங்கள் ஊட்டி வளர்த்த வாய் அது. எனக்கு அருவருப்பாக இருந்தது. விற்றவர் மேல் பாதி, இவர் மேல் மீதி. நானும் வாயை மூடிக்கொண்டு காபியைக் குடித்தேனே, அதை எதில் சேர்ப்பது?

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய்ப் பிரியாணி தின்றுவிட்டு, ஏலக்காயை மென்றபடி தெருவுக்குள் நுழைகிறோம். யாராவது கேட்டால் தோசை சாப்பிட்டோம் என்று சொல்லப் பிள்ளையைப் பழக்கி வைத்திருக்கிறார். கேவலமாக இல்லையா, அத்தை?

வரும் புதன்கிழமை உங்கள் நினைவு நாள். போனவர்களுக்குப் பிடித்ததைத்தானே நம் வீட்டில் இலையில் வைத்துப் படைப்போம்? போன வருஷம் வாடகை வீட்டில்கூட அப்படித்தான் செய்தோம். நெத்திலி வாங்கி வரச் சொன்னேன். செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

"இந்த வருசம் சாம்பார் வச்சிரு. அம்மா அட்ஜஸ்ட் பண்ணிக்கும்."

உயிரோடு இருந்தவரை நீங்கள் அட்ஜஸ்ட் செய்தது போதாதா? செத்த பிறகுமா?

நெத்திலியை நானே வாங்கி வந்துவிட்டேன். புதன்கிழமை அடுத்த வீட்டைப் பார்த்த ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் குழம்பைக் கொதிக்கவிடுவேன். யார் வந்து கேட்டாலும் என் மாமியாருக்கு என்று சொல்வேன். நீங்கள் முன்வாசல் வழியாகவே வாங்க.

இப்படிக்கு,
உங்களுக்கு இலை போடக் காத்திருக்கும் மருமகள்,
செல்வி