நான் அவிழ்த்த நாடாக்கள்

மே 9

நான்கு நாள் விடுப்புக்கு முதலாளி மூக்கால் அழுதார். மூக்குக்கண்ணாடிக் கடையில் நான் ஒருத்தி இல்லாவிட்டால் ஊரே தட்டுத்தடுமாறி நடக்கும் போல. கடைசியில் தந்துவிட்டார்.

அப்பா போனபிறகு முதல் தடவையாக நாங்கள் மூன்று பேரும் காட்டுக்குப் போகிறோம். நிலம் அளப்பது அவர் வேலை. கோடை தவறாமல் கூட்டிப் போவார். பாதை பிரியும் இடத்திலெல்லாம் மரத்தில் சிவப்பு நாடா. போகும்போது முன்னால் நடப்பவர் கட்ட வேண்டும், திரும்பும்போது கடைசியில் வருபவர் அவிழ்க்க வேண்டும். நாம் வந்துபோனது காட்டுக்கே தெரியக்கூடாது என்பார். சின்ன வயதிலிருந்தே கட்டுவது அண்ணன், அவிழ்ப்பது நான். தங்கை வாலு நடுவில் நடந்தபடி வாயடிப்பாள்.

அம்மா அண்ணனுக்குத்தான் ஆயிரம் பத்திரம் சொன்னாள். இருபத்திரண்டு வயதாகியும் அம்மா கணக்கில் அவன் இன்னும் பொறுப்பில்லாத பயல்.

மே 13

பாறைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறோம். மழை. எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

நேற்றுக் காலை கூடாரத்தை ஓடைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு மேலே ஏரிக்கு நடந்தோம். பாதி வழியில் அண்ணன் சொன்னான் - வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் கிளம்புகிறான், அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அம்மாவையும் தங்கையையும் என் தலையில் கட்டிவிட்டு ஓடுகிறாயா என்று கத்தினேன். வாலு கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க இங்கயே இருங்க. ஏரியைப் பாத்துட்டு ஒரு மணி நேரத்துல வந்துடுறேன்" என்று போனான்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வானம் கறுத்தது. வந்தால் வரட்டும், வழி தெரியாதா என்று வாலுவைக் கிளப்பி இறங்கினேன். அவள் முன்னால், நான் பின்னால். ஓடை நிரம்பி ஓடியது. கூடாரத்துக்குப் போக முடியவில்லை. மூடுபனி. பக்கத்தில் இந்தப் பாறைதான் கிடைத்தது.

சாயங்காலம் மேலே எங்கோ அண்ணன் குரல் கேட்டது. வாலு பெயரைத்தான் கூப்பிட்டான். இருவரும் தொண்டை கிழியக் கத்தினோம். தண்ணீர்ச் சத்தத்தில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை.

வாலு பசிக்கிறது என்றாள். பிஸ்கட்டுக்காகச் சட்டைப்பையில் கைவிட்டேன். ஆறு நாடா.

எப்போது அவிழ்த்தேன்? ஒவ்வொரு மரமும் ஞாபகம் இருக்கிறது, ஆனால் யோசித்து அவிழ்த்ததாக ஞாபகமே இல்லை. பழக்கத்தில் கை செய்ததா? கோபத்தில் நான் செய்தேனா?

அவன் இன்னும் மேலேதானே இருக்கிறான்.

மே 14

விடிந்ததும் வாலுவை இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு மறுபடி கட்டப் போனேன். பனியில் எல்லா மரமும் ஒரே மரம். இரண்டு கட்டினேன். தப்பான மரமாக இருந்தால் அவன் அதை நம்பி வருவானே என்று பயந்து அவிழ்த்துவிட்டேன். கீழே வாலு அழுகிற சத்தம் கேட்டது. திரும்பிவிட்டேன்.

மே 15

பிஸ்கட் தீர்ந்தது. வாலுவுக்கு உடம்பு கொதிக்கிறது. அண்ணா, வந்துடுடா. எங்க வேணாலும் போ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

மே 21

வீடு.

பதினாறாம் தேதி வனக்காவலர்கள் எங்களைக் கண்டுபிடித்தார்கள். பதினெட்டாம் தேதி அண்ணனை. பாதை மூன்றாவதாகப் பிரியும் இடத்தில் இடது பக்கம் போயிருக்கிறான். அங்கே கொஞ்ச தூரத்தில் பள்ளம்.

அவன் பையில் நாடாச் சுருளும், தனியாக ஐந்து துண்டும் இருந்தன. மூத்த காவலர் அம்மாவிடம் வருத்தமாகத்தான் சொன்னார். "கையில நாடா வச்சிருந்திருக்கான்மா. ஒரு மரத்துல கூட கட்டல. கட்டியிருந்தா வந்திருப்பான்."

அந்த ஐந்து துண்டையும் நான் பார்த்தேன். நடுவில் முடிச்சு விழுந்த சுருக்கம். ஏரி வரைக்கும் கட்டிக்கொண்டு போய், கடைசி ஆள் தான்தானே என்று ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு இறங்கியிருக்கிறான். நாங்கள் காத்திருப்பதாகச் சொன்ன இடம் வரை சரியாக வந்திருக்கிறான். அங்கே நாங்கள் இல்லை. அதற்குக் கீழே நாடாவும் இல்லை.

வாலு கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, அண்ணன் கட்டினதைத் தான் பார்த்ததாகச் சொன்னாள். காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று அம்மா போர்த்திவிட்டாள்.

"நீ சொல்லுக்கா" என்றாள்.

எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை என்று சொன்னேன்.

ஜூன் 17

அம்மா இதுவரை அழவில்லை. திட்டுகிறாள். பாத்திரம் கழுவும்போது, துணி காயப்போடும்போது, யாராவது துக்கம் விசாரிக்க வந்தால் அவர்கள் முன்னாலேயே. "அவங்க அப்பா படிச்சுப் படிச்சு சொன்னாரு. ஒரு முடிச்சு போட வலிச்சிருக்கு அவனுக்கு." அண்ணன் அறையைப் பூட்டிவிட்டாள். வெளிநாட்டு வேலைக் கடிதம் வந்தபோது அதையும் சொல்லாமல் மறைத்தான் என்று சேர்த்துக்கொண்டாள். அவன் படத்தைக்கூட மாட்ட விடவில்லை.

செத்தவன் வாய் திறக்க மாட்டான். அதுதான் எனக்கு வசதி. இதை எழுதவே கை கூசுகிறது.

ஜூலை 30

இன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 26

கடைக்குக் கிளம்பும்போது வாலு வாசலில் நின்றாள். இப்போதெல்லாம் அவள் பேசுவதே இல்லை. வாலு என்று கூப்பிட்டதற்கு என்ன அர்த்தம் என்றே மறந்துவிட்டது.

"அண்ணன் கட்டலதான் போலக்கா. காய்ச்சல்ல எனக்குத்தான் அப்படித் தோணியிருக்கு."

அவள் கண்ணால் பார்த்ததை அவளிடமிருந்தே நான் பிடுங்கிவிட்டேன். பதினான்கு வயதுப் பிள்ளையிடம். கடையில் நாள் முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. இரண்டு கண்ணாடிகளை மாற்றி மாட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 27

சொல்லிவிட்டேன்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாலுவையும் உட்காரவைத்துச் சொன்னேன். அண்ணன் எல்லா இடத்திலும் கட்டினான், வாலு பார்த்தது நிஜம், அவிழ்த்தது நான் என்று. வாலு சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

அம்மா ஒன்றுதான் கேட்டாள். "எத்தனை?"

"ஆறும்மா."

மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டுப் போய் அண்ணன் அறைப் பூட்டைத் திறந்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள். நூறு நாள் கழித்து அம்மா தன் மகனுக்காக அழுததை வெளியே நின்று கேட்டேன்.

செப்டம்பர் 8

அண்ணன் படம் கூடத்துக்கு வந்துவிட்டது. வருகிறவர்களிடம் அம்மாவே சொல்கிறாள், என் பிள்ளை அப்பா சொன்னபடி கடைசி வரை செய்தான் என்று. அப்புறம் ஏன் வழி தவறினான் என்று கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். என்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. என்னோடு பேசுவதும் இல்லை.

செப்டம்பர் 24

ஞாயிறு. வாலு வெளியே போயிருந்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா அண்ணன் அறையிலிருந்து வந்து, எனக்கு எதிரே இல்லாமல் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு மாதத்தில் என்னிடம் அவள் பேசியது இதுதான்.

"கடைசியா அவன் என்ன பேசினான்?"

காலையில் கிளம்பியதிலிருந்து சொன்னேன். வாலுவைத் தண்ணீரில் தள்ளிவிடுவதுபோல் பயமுறுத்தியது, ரொட்டியில் பெரிய துண்டை எடுத்துக்கொண்டது, வேலை கிடைத்ததைச் சொல்லும்போது அவனால் சிரிப்பை அடக்க முடியாதது. அப்புறம் நான் கத்தியது. ஒரு வார்த்தை குறைக்காமல், அவனை நான் என்னென்ன சொன்னேனோ அத்தனையும்.

மதியம் போய் வெயில் சாய்ந்துவிட்டது. அம்மா என் பக்கம் திரும்பவில்லை. எழுந்தும் போகவில்லை.